மந்திரித்த பாட்டில்

பெர்த்தா அக்காவைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாதி ஆயுளைக் கழித்தவள். பல் போனவர்களுக்கும் ருசி தெரிகிற மாதிரி சூப் வைக்கத் தெரிந்தவள். நாடு விட்டு வந்து அவள் வீட்டு மாடியில் நான் குடிவந்த முதல் வாரமே, பனியில் எப்படி நடக்க வேண்டும், யாரிடம் விறகு வாங்கக் கூடாது, எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் நின்றால் சீக்கிரம் வேலை முடியும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கு அவள் பெரிய தைரியம். ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் அந்த அக்காவைப் பார்க்கவே எனக்குக் கொஞ்சம் உதறும். காரணம் ஒரு பாட்டில்.

எங்கள் மலையில் புனித நிக்கலாஸ் திருநாள் வந்ததும் பாட்டில்கள் வீடு மாற ஆரம்பிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம். கீழ்வீட்டு சில்வா காட்டு நாவல்பழம் போலக் கறுத்த ஒரு சின்னப் பழத்தைச் சாராயத்தில் ஊறப்போட்டுத் தருவாள். கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை வீட்டில் ஏதோ மூலிகை வேர். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற எல்லோர் வீட்டிலும் இந்தப் பக்கத்துப் புளிப்புச் சிவப்பு ஒயின் இருக்கும். அதில் பட்டையும் கிராம்பும் போட்டு அடுப்பில் ஏற்றினால் தெருவே மணக்கும். பெர்த்தா அக்காவுடையது தேன் சாராயம். திராட்சைச் சக்கையில் வடித்த சாராயத்தில் வேலமரப் பூத்தேனைக் கரைத்து, இரண்டு மாதம் நிலவறையில் வைத்து எடுப்பாள். தங்க நிறத்தில், தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

ஊரே அதைப் புகழும். ஆனால் ஊர் புகழ்வதா அவளுக்குப் பெரிது? அவள் வீட்டுக்காரர் ராடோ அண்ணன் அதை நின்றுகொண்டே குடிப்பார். வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது நீட்டினால் ஒரே மடக்கு. "நல்லா இருக்கு" என்று கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

அல்பினாவின் அக்ரூட் சாராயத்துக்கு மட்டும் உட்கார்வார்.

அல்பினா கோயில் பக்கத்தில் தனியாக இருக்கிறவள். தையல்காரி, கணவன் போய்ப் பல வருஷம் ஆகிறது. கோயில் பாடல்குழுவில் பெண்கள் வரிசையை நடத்துகிறவள். ராடோ அண்ணனுக்கு அதே குழுவில் அடித்தொண்டைக் குரல். கிறிஸ்துமஸுக்கு முந்தின கடைசிப் பயிற்சி முடிந்ததும் அடித்தொண்டைக்காரர்கள் நாலு பேருக்கும் ஆளுக்கொரு பாட்டில் கொடுப்பது அல்பினாவின் வழக்கம். நாலும் ஒரே அளவுதான் என்று ராடோ அண்ணன் சத்தியம் செய்வார். அவருக்கு வருவது மட்டும் கழுத்து நீளம் என்று அக்கா சொல்வாள்.

"கழுத்து நீளமா இருந்தா உள்ள ஜாஸ்தி பிடிக்குமாடி?"

"நான் உள்ள இருக்கறதைப் பத்திப் பேசல."

இது இன்று நேற்றுக் கதை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ராடோ அண்ணனிடம் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் பின் ஸீட்டில் அல்பினா இருந்தாள். ஒருநாள் மழையில் பஸ்ஸுக்காக நின்ற பெர்த்தாவின் வெள்ளைக் காலுறை முழுக்கச் சேற்றை வாரி இறைத்துவிட்டு இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்க வந்தவர்தான் ராடோ. வந்தவர் அப்படியே வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டார். வெற்றி பெர்த்தாவுக்குத்தான். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சேறு அக்காவின் மனசில் இன்னும் காயவில்லை.

அல்பினாவின் பாட்டிலை அவள் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்ததில்லை. "எனக்கு எதுக்கு அந்த எழவு?" என்பாள். கணவன் உட்கார்ந்து, கிளாஸை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மெல்ல மெல்ல உறிஞ்சுவதை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அவ்வளவு லயித்துக் குடிக்கிறார் என்றால் அது எவ்வளவு இனிப்பாக இருக்க வேண்டும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அடுத்த வருஷம் தன் சாராயத்தில் தேனைக் கூட்டினாள். அதற்கு அடுத்த வருஷம் இன்னும் கூட்டினாள். நான் வந்த காலத்தில் அது கிளாஸின் ஓரத்தில் பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. விருந்தாளிகள் புகழ்ந்துவிட்டு உடனே தண்ணீர் கேட்பார்கள்.

நான் சொல்லவந்த வருஷம் ஏப்ரலில் பின்பனி விழுந்தது. துளிர்விட்ட திராட்சை கருகிப்போனது. அக்ரூட் பூக்கள் எல்லா மலையிலும் கறுத்து உதிர்ந்தன. எங்கள் வீட்டு மரம் மட்டும் தப்பியது. அக்கா பிறந்தபோது அவள் அப்பா நட்ட மரம் அது, சமையலறைச் சுவரை ஒட்டி நிற்கும். சுவர்ச் சூடு பாதி காப்பாற்றியது. மீதியை அக்கா காப்பாற்றினாள். பனி விழுந்த நாள்களில் ஈர வைக்கோலை மரத்தடியில் புகையவிட்டு, இருமிக்கொண்டே பக்கத்தில் காவல் நின்றாள்.

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, கடையில் நாங்கள் வரிசையில் நின்றோம். அக்காவின் கூடையில் உடைத்த அக்ரூட் பாக்கெட்டுகள். கிறிஸ்துமஸுக்குப் பொத்தித்சா சுட்டாக வேண்டும். மாவை மேஜை நீளத்துக்கு விரித்து, அக்ரூட் பொடியைப் பரப்பிச் சுருட்டிச் சுடுகிற ரொட்டி அது. அது இல்லாத வீடு பண்டிகை வீடே இல்லை. மரம் தப்பியும் இலையுதிர்காலத்தில் காய் சொற்பமாகத்தான் கிடைத்தது. பனியின் வேலை என்று அக்கா மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

முன்னால் நின்ற சில்வா திரும்பிப் பார்த்தாள். அவள் கணவனும் பாடல்குழுவில் அடித்தொண்டைதான்.

"நீயுமா காசு குடுத்து அக்ரூட் வாங்கறே பெர்த்தா? காலம் கெட்டுப்போச்சு. எங்க வீட்டு ஆளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. இந்த வருஷம் அல்பினா பாட்டில் கிடையாதாம்."

"கிடையாதா?"

"பள்ளத்தாக்குலயே ஒரு காய் இல்ல, எதை வச்சுப் போடறதுன்னு சொல்லிட்டாளாம். யாருக்குமே இல்ல."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். ஏனென்றால் முந்தின நாள் மாலை ராடோ அண்ணன் பயிற்சி முடிந்து வந்தபோது அவர் கோட்டுக்குள் நீளக் கழுத்துப் பாட்டில் ஒன்று இருந்ததை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகாமல் மரத்தடியில் போய் நின்று, மொட்டைக் கிளைகளை அண்ணாந்து பார்த்தாள்.

"தம்பி, ஜூன் மாசம் இந்த ஆளு விரலெல்லாம் காவிக் கலர்ல இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"வேலிக்கு வார்னிஷ் அடிச்சேன்னு சொன்னாரே அக்கா."

"வேலியைப் பாரு."

பார்த்தேன். வேலி சாம்பல் பூத்து, பாசி பிடித்து நின்றது. வார்னிஷைக் கண்டு யுகம் ஆகியிருக்கும். பச்சை அக்ரூட் காயைத் தொட்டால் விரலில் கறை ஏறும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் வாரக்கணக்கில் போகாது என்பது இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் தெரியும். சாராயத்துக்குக் காய் பறிக்கிற காலமும் ஜூன்தான். ஓடு கட்டுவதற்கு முன்னால், ஊசி குத்தினால் இறங்க வேண்டும்.

நான் மாடிக்கு நழுவப் பார்த்தேன். "நீயும் உள்ள வா" என்றாள். சாட்சிக்கு ஆள் வேண்டியிருந்தது போலிருக்கிறது.

ராடோ அண்ணன் சமையலறையில் முட்டியில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். காட்டில் மரம் வெட்டிய உடம்பு. ஆள் இன்னும் கதவு அகலம்தான், முட்டி மட்டும் போய்விட்டது. அக்கா டி.வி.யை நிறுத்தினாள். அக்ரூட் பாக்கெட்டுகளை மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"யோவ், இது என்ன?"

"அக்ரூட்."

"எங்கேருந்து வந்துச்சு?"

"கடையிலேருந்து."

"வீட்டுல மரத்தை வச்சுக்கிட்டு நான் எதுக்குக் கடையில வாங்கறேன்?"

ராடோ அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குளிர்பெட்டியைப் பார்த்தேன்.

"ஒரு பை, பெர்த்தா. சின்னப் பைதான்."

"இந்த வருஷமா?"

"இந்த வருஷந்தான் சின்னப் பை."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப வருஷா வருஷம் குடுத்திருக்கே."

"அவகிட்ட ஏது மரம்? வாசல்ல ரெண்டு ரோஜாச் செடி இருக்கு. அதுல அக்ரூட் காய்க்குமா?"

"எங்கப்பன் வச்ச மரம். நான் புகை போட்டுக் காப்பாத்தின மரம். இருமி இருமி நெஞ்சு புண்ணாச்சு எனக்கு. சரி, சாராயம் யாருது?"

"சாராயம்... நம்ம நிலவறையிலதான் இருக்கே, நிறைய."

"பாட்டில்?"

"போன வருஷத்துக் காலிப் பாட்டிலைத் திருப்பிக் குடுக்கறதுதானே மரியாதை?"

"அப்ப அவளோடது என்னதான்யா அதுல?"

ராடோ அண்ணன் நேர்மையாக யோசித்தார். "சர்க்கரை" என்றார்.

அக்கா சிரித்த சிரிப்பைக் கேட்டு மூலையில் படுத்திருந்த பூனை எழுந்து போய்விட்டது.

"வயித்துக்கு நல்லதுடி அது" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"உன் வயித்துக்கு முப்பத்தஞ்சு வருஷமா சமைக்கிறவ நான். அதுக்கு என்ன கேடு வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

அன்று பொத்தித்சாவுக்கு மாவு விரித்தபோது உருட்டுக்கட்டை மேஜையில் விழுந்த சத்தம் மாடியில் என் கட்டிலை ஆட்டியது.

பாட்டிலை உடைப்பாள் என்று நினைத்தேன். இல்லை. பண்டிகை முழுக்க அது அலமாரியில் தொடப்படாமல் இருந்தது. எடுத்துக் குடிக்க ராடோ அண்ணனுக்குத் தைரியம் வரவில்லை. அக்கா அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். கணக்கு என்னவென்று டிசம்பர் இருபத்தேழாம் தேதி காலையில் தெரிந்தது.

அன்றைக்குப் புனித அருளப்பர் திருநாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாட்டில் ஒயினைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வருவார்கள். மந்திரித்ததை நினைத்தபோது எடுத்துக் குடிக்கக் கூடாது. வீட்டிலிருந்து யாராவது பயணம் கிளம்பினால், நோயில் விழுந்தால், சாகக் கிடந்தால் மட்டும் ஒரு வாய். கிளம்புகிறவர் வீட்டு மனுஷராக இருந்தால், போகிறவரும் இருக்கிறவரும் ஒரே கிளாஸில் குடிக்க வேண்டும். அதைக் கீழே கொட்டக் கூடாது, அடுத்த வீட்டுக்குத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. சாப்பாட்டு அறையில் சிலுவை மாட்டியிருக்கிற மூலையில் அது பாட்டுக்கு இருக்கும். கோயிலுக்குப் போகாத வீடுகள்கூட இந்த ஒரு விஷயத்தில் விளையாடுவதில்லை.

அக்கா கூடையில் ஒயின் பாட்டிலை வைக்கவில்லை. நீளக் கழுத்தை வைத்து, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடினாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அசந்துபோனேன். மந்திரித்துவிட்டால் ராடோ அண்ணன் அதை உட்கார்ந்தும் குடிக்க முடியாது, நின்றும் குடிக்க முடியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், முட்டி வலிக்காரர். அவர் எங்கே பயணம் போகப் போகிறார்?

கோயிலில் பீடத்துக்கு முன்னால் நீள மேஜை. பாட்டில்களை வாங்கி வரிசையாக அடுக்கி வைப்பது அல்பினாவின் பொறுப்பு. இது அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் தானே கொண்டு போனாள். ராடோ அண்ணன் மேலே பாடல்குழு மாடத்தில் இருந்தார். கூடை தூக்க நான்.

அல்பினா மெலிந்த, நிமிர்ந்த உருவம். நரைத்த முடியை அழகாகக் கத்தரித்திருந்தாள். துணியை விலக்கியதும் அவள் கை நின்றுவிட்டது.

"பெர்த்தா, இது ஒயின் இல்லையே."

"பாட்டில்தானே?"

"சாமியார் ஒயினுக்குத்தானே ஜெபம் சொல்லுவாரு."

"திராட்சைச் சாராயத்துல ஊறினது. திராட்சை திராட்சைதான். அதுவும் எங்க தோட்டத்துத் திராட்சை. உனக்குத் தெரியாதா என்ன?"

அல்பினாவின் காது மடல் சிவந்தது. அதற்குள் பங்குச் சாமியார் உடுப்போடு வந்துவிட்டார். இளைஞர், குண்டர், அவசரக்காரர்.

"என்ன தாய்மாரே, என்ன பிரச்சினை?"

"சாமி, அக்ரூட் சாராயத்தை மந்திரிக்கலாமா?" என்று அக்கா கேட்டாள்.

"நல்லா இருந்தா மந்திரிக்கலாம்" என்றார் அவர். "யார் செஞ்சது?"

அல்பினா மேஜை விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள், அக்கா கூடைத் துணியை மடித்தாள். சாமியார் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அல்பினா குரலைத் தாழ்த்தினாள்.

"இனிமே அவரு இதைத் தொட முடியாது. அதானே?"

"அதான்."

அல்பினா பாட்டிலைக் கையில் எடுத்தாள். தோளில் படிந்த தூசியைத் தன் கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்தாள். மற்ற எல்லாப் பாட்டிலுக்கும் முன்னால், நட்டநடுவில் கொண்டுபோய் வைத்தாள். அப்புறம் திரும்பி வந்து, பூசைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்கிற தொனியில் சொன்னாள்:

"நல்ல வேலை பண்ணினே பெர்த்தா. என் கைப்பட்ட பாட்டில் இதுவரைக்கும் பண்டிகை முடிஞ்ச வீட்டுப் பானை மாதிரி ஜனவரியில காலியாகி வந்துடும். இனி உன் வீட்டுச் சிலுவைக்குக் கீழ நிரந்தரமா உக்காந்திருக்கும். நீ தினமும் அதுக்கு முன்னாடி கும்பிட்டுட்டுத்தான் சாப்பிடணும்."

அக்காவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அவள் கை மேஜையை நோக்கி நீண்டது. ஆனால் பாடல் தொடங்கிவிட்டது, ஜனம் எழுந்து நின்றுவிட்டது. சாமியார் தீர்த்தத்தை வீசினார். முதல் துளி விழுந்தது நட்டநடுவில் நின்ற பாட்டிலின் மேல்தான். மேலேயிருந்து ராடோ அண்ணனின் அடித்தொண்டை, கீழே நடந்தது எதுவும் தெரியாமல், மணி மாதிரி முழங்கியது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் எங்கள் வீட்டு உபசாரத்தின் பொற்காலம். அல்பினாவின் பாட்டிலைச் சிலுவை மூலையிலிருந்து கிளப்ப ஒரே வழி, முறைப்படி காலி செய்வது. முறைப்படி என்றால் பயணம். அதனால் அந்த வீட்டைவிட்டு யார் வெளியே போனாலும் அது பயணம் ஆனது. புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவனுக்கு ஒரு வாய். மின்சார மீட்டர் பார்க்க வந்த பெண்ணுக்கு ஒரு வாய். சில்வா கோழிமுட்டை கொடுத்துவிட்டுக் கிளம்பினால் அவளுக்கும் ஒரு வாய்.

தபால்காரன் மூன்றாவது தடவையாகக் கிளாஸைத் துடைத்து வைத்துவிட்டுப் போனபோது ராடோ அண்ணனால் பொறுக்க முடியவில்லை.

"அவன் பக்கத்து வீட்டுக்குத்தான் போறான் பெர்த்தா."

"வழியில வழுக்கி விழுந்தா? பயணம் பயணம்தான்."

"நான் விறகுக் கொட்டாய்க்குப் போறேன்."

"போ."

"அதுவும் பயணந்தானே?"

"திரும்பி வர்றதுக்குப் பேரு பயணம் இல்ல."

"தபால்காரன் நாளைக்குத் திரும்பி வருவானே!"

"அவன் என் புருஷன் இல்ல."

என் பாடுதான் பெரிய பாடு. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கதவருகே கிளாஸோடு நிற்பாள். வண்டி ஓட்டுகிறவன் நான். போலீஸ்காரர் நிறுத்தி ஊதச் சொன்னால் என் குடியிருப்பு அட்டையின் கதி என்ன என்று நினைத்தாலே வியர்க்கும். "மந்திரிச்சதுக்கு மெஷின் கத்தாது தம்பி" என்பாள். உதட்டை நனைத்துவிட்டு, அவள் திரும்பும் நேரம் பார்த்துப் பூந்தொட்டியில் ஊற்றலாம் என்றால் அதுவும் பாவம். பின்பக்க வழியாகப் போக ஆரம்பித்தேன்.

அவள் மட்டும் ஒருமுறைகூட வாயில் வைக்கவில்லை. ஊற்றும்போது மூக்கைத் திருப்பிக்கொள்வாள். பாட்டிலில் மட்டம் இறங்க இறங்க அவள் முகம் தெளிந்தது. ராடோ அண்ணன் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேஜையில் அதைப் பார்த்துக்கொண்டு உருளைக்கிழங்கை மென்றார்.

பிப்ரவரியில் முட்டி ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தேதி வந்தது. அதற்காக எத்தனை காலம் காத்திருந்தார்கள்! ஆனால் தேதி வந்ததும் அக்கா இடிந்துபோனாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள், ஆபரேஷனுக்கு என்று போய்த் திரும்பாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். முட்டிக்கு யாரும் செத்ததில்லை என்று டாக்டர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ராடோ அண்ணனின் சட்டைகளை இஸ்திரி போட்டாள், பிரித்தாள், மறுபடி போட்டாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாளே போய்ச் சேர வேண்டும். நான்தான் கூட்டிப் போவதாக ஏற்பாடு. காலையில் வண்டிக் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சாலை பளிங்கு மாதிரி வழுக்கும் நாள், எனக்கு அந்தக் கவலை. ராடோ அண்ணன் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தார். பின்னால் அக்கா. கையில் ஒரு கிளாஸும் அல்பினாவின் பாட்டிலும். அடியில் இரண்டு வாய்தான் மிச்சம்.

அவள் நினைத்திருந்தால் முந்தின நாளே அதைத் தபால்காரனுக்கு ஊற்றி முடித்திருக்கலாம். மந்திரித்தது வேறு எதுவும் வீட்டில் இல்லை. அவள் முடிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில வாசனை வந்தா திட்டுவாங்க" என்றார் ராடோ அண்ணன்.

"ஆபரேஷன் நாளைக்குத்தானே. ஒரு வாய்க்கு ஒண்ணும் ஆகாது. வெறும் வாயோட உன்னை அனுப்ப மாட்டேன்."

"நின்னுக்கிட்டே குடிக்கணுமா, உக்காரலாமா?"

"கொழுப்பு அடங்கல உனக்கு."

மிச்சம் முழுவதையும் ஊற்றினாள். கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறம். ராடோ அண்ணன் பாதி குடித்துவிட்டு நீட்டினார். வீட்டு மனுஷன் கிளம்பினால் இருக்கிறவளும் குடித்தாக வேண்டும். அவள் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மருந்து குடிக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றிக்கொண்டாள்.

முகம் அஷ்டகோணலானது.

"அய்ய! என்னய்யா இது, இப்படிக் கசக்குது?"

"கசக்கத்தான் செய்யும். பச்சைக் காயாச்சே."

"சர்க்கரை அவளோடதுன்னு சொன்னே?"

"சர்க்கரை விஷயத்துல அவ கஞ்சம்."

அக்கா நாக்கை மேலண்ணத்தில் தடவிப் பார்த்தாள். நம்ப முடியாமல் இன்னொரு தடவை தடவினாள். "இந்தக் கசப்புக்கா நீ வருஷக்கணக்கா உக்காந்து உக்காந்து குடிச்சே?"

"உன்னோடது குடிச்சா எனக்குப் பல்லு கூசுது பெர்த்தா. கல்யாணமான புதுசுல எவ்வளவு நல்லா இருந்துச்சு! அப்புறம் வருஷா வருஷம் தேன் ஏறிக்கிட்டே போச்சு. இப்ப அது சாராயமே இல்ல, இருமல் மருந்து."

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா என்ன கேட்டிருப்பே?"

அக்கா யோசித்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"அல்பினாவோடது மாதிரி வேணுமான்னு கேட்டிருப்பேன்."

"பாத்தியா."

பனிமூட்டத்துக்குள்ளே கோயில் மணி அடித்தது. நான் எஞ்சினை முடுக்கினேன், நேரமாகிறது என்று காட்ட. அக்கா அவர் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். விரல் பொத்தானிலேயே நின்றது.

"அப்ப கசப்புக்காகத்தான். அவளுக்காக இல்ல."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியில் ஏறியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற மனிதனுக்கு அப்படி என்ன சத்தியசோதனையோ!

"கசப்புக்காகத்தான்" என்றார் ராடோ அண்ணன். பிறகு, "முன்னாடி கொஞ்சம் அவளுக்காகவும்தான்" என்றார்.

அக்கா பொத்தானை விட்டாள். காலிக் கிளாஸையும் பாட்டிலையும் ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏறு வண்டியில. தம்பி, வளைவுல மெதுவா போ. ஜூன்ல இந்த முட்டியை வச்சுக்கிட்டு எவனும் என் மரத்துல கை வைக்க முடியாது. காய் நான் பறிப்பேன். ஊறப் போடறதும் நான்தான். அவளுக்கு ஒரு காய் கிடையாது, சொல்லிட்டேன்."

வண்டி மலையிறங்கியது. ஆற்றுப் பாலம் தாண்டியதும் ராடோ அண்ணன், "பெர்த்தா அவளுக்கு ஒரு காயாவது குடுப்பா" என்றார். "சொத்தையாப் பாத்துப் பொறுக்கிக் குடுப்பா."

நெடுஞ்சாலையில் ஏறும்போது அவர் போன் அடித்தது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் எதையோ அமுக்கினார், அக்காவின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"யோவ். முன்னாடின்னா எந்த வருஷம் வரைக்கும்?"

ராடோ அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

"பெர்த்தா, சரியாக் கேக்கல. டன்னல் வருது."

"அந்த ரோட்டுல டன்னலே கிடையாதுய்யா."